சமாதானக் குறும்படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை குறும்படப் பட்டறைகளிலும் திரையிடல்களிலும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு இடத்தில் போட்டு வைக்கிறோம். கேட்பவர்கள் அநேகம் பேர் யுத்தத்தைப் பார்க்காதவர்கள், அல்லது சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தவர்கள். கையில் போன் இருக்கிறது, வீட்டில் கேட்ட கதை ஒன்றும் இருக்கிறது. அதை யாருக்கு, எப்படிச் சொல்வது என்பதில்தான் தடுமாற்றம்.

சமாதானக் குறும்படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எல்லோரும் ஒற்றுமையாக இருப்போம் என்று கடைசிக் காட்சியில் யாராவது சொல்லும் படத்தை நாங்கள் சொல்லவில்லை. சமாதானம் என்ற சொல்லை யுத்தம் செய்தவர்களும்தான் வைத்திருந்தார்கள். 1995இல் பேச்சுவார்த்தை முறிந்த பிறகு சந்திரிகா அரசாங்கம் நடத்திய போருக்கு வைத்த பெயரே "சமாதானத்துக்கான யுத்தம்". 2009இல் முடிந்த கடைசிப் போருக்கு அரசாங்கம் வைத்த பெயர் "மனிதாபிமான நடவடிக்கை". புலிகளும் மக்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டேதான் அதே மக்களை வன்னியிலிருந்து வெளியேற விடாமல் வைத்திருந்தார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆகவே நாங்கள் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. உங்கள் படத்தில் "அவர்கள்" என்று யார் வருகிறார்களோ அவர்களுடைய ஊரில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, லைட் போட்ட பிறகும் அங்கேயே உட்கார்ந்து, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல உங்களால் முடியுமா? முடியும் என்றால் அது நாங்கள் சொல்கிற படம். முஸ்லிம் ஊரான காத்தான்குடியைப் பற்றி எடுத்துப் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியில் மட்டும் காட்டுகிற படமும், ஆரையம்பதியைப் பற்றி எடுத்துக் காத்தான்குடியில் மட்டும் காட்டுகிற படமும், எவ்வளவு நல்ல மனதோடு எடுத்தாலும் பிரச்சாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகின்றன.

யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டதே, இன்னும் எதற்கு யுத்தகாலப் பிரச்சாரத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும்?

பிரச்சாரம் செய்தவர்களில் பலர் இப்போது இல்லை, அவர்கள் சொல்லிவிட்டுப் போன கதைகள் இருக்கின்றன. புலிகளிடம் நிதர்சனம் என்ற படப்பிரிவும் புலிகளின் குரல் வானொலியும் இருந்தன. அரசாங்கத்திடம் ரூபவாஹினியும் அரச வானொலியும் இருந்தன. இரண்டு பக்கமும் தங்கள் வீரர்களைப் பாட்டாகப் பாடின, தங்கள் ஆள்கள் செய்த கொலைகளைச் சொல்லாமல் விட்டன, அல்லது மற்றவர் தலையில் கட்டின.

பிரச்சாரம் என்றால் முழுப் பொய் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதில் சுலபமாக விழுகிறார்கள். கிழக்கில் ஓடிய பிரச்சாரத்தில் பெரும்பகுதி உண்மையாக நடந்த சம்பவம்தான், ஆனால் முன்னும் பின்னும் வெட்டப்பட்ட சம்பவம். கொஞ்சம் திகதிகளைப் பாருங்கள். 1987 ஜூன் 2ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் அரந்தலாவையில் பஸ்ஸில் வந்த பிக்குகள் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், அதில் பிக்குவாகப் பயிலும் சின்ன வயதுச் சாமணேரர்களும் இருந்தார்கள். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாளில் ஏறாவூரில் முஸ்லிம் மக்களும், வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்களும் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5 வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குள் அகதிகளாக இருந்தவர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஆமி கூட்டிக்கொண்டு போனது, அவர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9 தமிழ் ஊரான சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் சேர்த்துக் கொல்லப்பட்டார்கள்.

இதில் ஒன்றும் கற்பனை இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊரும் தன்னுடைய திகதியிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறது, அதற்கு முந்தின கிழமை பக்கத்து ஊரில் நடந்தது அந்தக் கதையில் இல்லை. காத்தான்குடியில் வளர்ந்த பிள்ளைக்குச் சத்துருக்கொண்டான் என்ற பெயர் தெரியாது, சத்துருக்கொண்டானில் வளர்ந்த பிள்ளை காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் இருக்கும் சூட்டுத் துளைகளை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. இரண்டு ஊருக்கும் இடையில் பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான். குறும்படத்தால் செய்யக்கூடிய வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம்.

ஒரு சின்ன வீடியோ இவ்வளவு வேலை செய்யுமா?

கெட்ட வேலை செய்வதை அம்பாறையிலேயே பார்த்துவிட்டோம். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் ஏதோ கட்டியாகக் கிடந்ததாம், அது ஆண்மையைப் போக்கும் மருந்தாம். கூட்டம் சேர்ந்து கடையில் நின்றவரை மிரட்டிக் கேட்க, சிங்களம் சரியாகத் தெரியாத அந்த மனிதர் பயத்தில் ஆமாம் என்பதுபோலச் சொல்லிவிட, அதைப் போனில் எடுத்துப் பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு அது மாக்கட்டி என்று சொன்னார். ஒரு ஆளை நிரந்தரமாக மலடாக்கும் அப்படி ஒரு குளிசையே உலகத்தில் கிடையாது. ஆனால் அந்தச் செய்தி வரும்போது கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களின் வீடுகள் எரிந்து முடிந்திருந்தன. அந்த வருடத்து வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

அந்த வீடியோவில் இருந்தது உண்மையான முகம், உண்மையான குரல். எடிட்டிங்கூட இல்லை. மிரட்டினவர்கள் படத்துக்கு வெளியே நின்றார்கள், மொழி தெரியாது என்பதும் படத்துக்கு வெளியே நின்றது, அவ்வளவுதான். பட்டறையில் முதல் பாடமாக இதைத்தான் வைக்கிறோம்: கமராவை வைத்த இடத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்கப் பழகுவது.

இரண்டாவது பாடம் பழைய ரஷ்யப் பரிசோதனை. லெவ் குலெஷொவ் என்ற இயக்குநர் சுமார் நூறு வருடத்துக்கு முன்பு ஒரு நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் கோப்பைக்குப் பக்கத்தில், ஒரு தடவை சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். பட்டறைக்கு வருபவர்களிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே தாத்தாவின் முகம், அடுத்து ஒரு பள்ளிவாசல். அதே முகம், அடுத்து ஒரு துவக்கு. தாங்களே செய்து பார்த்த பிள்ளை அடுத்த தடவை வட்ஸ்அப்பில் வரும் வீடியோவை வேறு மாதிரிப் பார்க்கும்.

நல்லிணக்கம் என்று எடுக்கும் படங்களை ஏன் சனம் கணக்கெடுப்பதில்லை?

முடிவு முதலே தெரிந்துவிடுகிறது. தொப்பி போட்ட ஒரு பிள்ளை, திருநீறு பூசின ஒரு பிள்ளை, சில நேரம் மூன்றாவதாக ஒரு சிங்களப் பிள்ளை, பட்டம் அல்லது பந்து, பெரியவர்கள் தடுக்கிறார்கள், பிறகு மனம் மாறுகிறார்கள். "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம்" என்று ஒரு வயோதிபர் சொல்வார். அந்த வசனத்தில் உண்மை இருக்கிறது, கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி முறைகூடப் பொதுவாக இருக்கிறது, வயலும் சந்தையும் ஆறும் பொது. ஆனால் படம் அங்கே நின்றுவிட்டால், பிறகு எப்படி ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள், யாருடைய காணி யாரிடம் போனது, யார் பயத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயலுக்குப் போகாமல் விட்டார்கள் என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. காசு தந்தவர்களுக்கு அறிக்கை எழுத உதவும். எங்களுக்கு இந்த வகைப் படங்களில் உண்மையான கோபம் உண்டு, ஏனென்றால் ஒரு தடவை இதைப் பார்த்து அலுத்தவர்கள் அடுத்த நல்ல படத்துக்கும் வர மாட்டார்கள்.

அப்போ எதைப் பற்றி எடுக்கலாம்?

உங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல விரும்பாததிலிருந்து தொடங்குங்கள். எங்கள் அனுபவத்தில் எதிர்த்தரப்புப் பார்வையாளர் மனம் திறப்பது அந்த இடத்தில்தான். எங்கள் ஆள்களும் செய்தார்கள் என்று ஒரு வரி வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர் கையை அவிழ்த்துவிட்டு முன்னுக்கு வந்து உட்காருவார்.

சுற்றிவளைப்பில் முகமூடி போட்டு நின்று, யார் இயக்கத்து ஆள் என்று ஆமிக்குத் தலையசைத்துக் காட்டும் தலையாட்டியை எடுங்கள். அவனும் யாரோ ஒருவருடைய பிள்ளை, அடி வாங்கித்தான் அங்கே நிற்கிறான், அவன் தலை அசைந்தால் இன்னொரு வீட்டில் பிள்ளை இல்லை. ஒரு முகம், ஒரு வரிசை, ஐந்து நிமிடம், துவக்கைக் காட்டவே தேவையில்லை. இல்லாவிட்டால் பிள்ளையை இயக்கம் பிடித்துவிடும் என்று பரணில் ஒளித்து வைத்த அம்மா. 2004 ஏப்ரலில் வெருகல் பக்கம் புலிகள் இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டபோது வீட்டுக்கு ஓடி வந்த சிறுமி, அதன் பிறகு இரண்டு பக்கத்துக்கும் பயந்து வாழ்ந்த வாழ்க்கை. தமிழர் தமிழரைக் கொன்ற அந்தச் சண்டையைப் பற்றி மட்டக்களப்பில் இன்றைக்கும் மெதுவாகத்தான் கதைக்கிறார்கள்.

காப்பாற்றின கதைகளும் உண்டு, கேட்டால் கிடைக்கும். "இன்றைக்கு இரவு வீட்டில் நிற்காதே" என்று சொல்லியனுப்பிய கூட்டாளி, பக்கத்து வீட்டு உம்மாவைச் சேலை கட்டிக் கூட்டிப்போன அம்மம்மா மாதிரி. இவற்றை எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். காப்பாற்றினவரை மட்டும் பெரிதாக்கிவிட்டு, யாரிடமிருந்து காப்பாற்றினார் என்பதை மழுப்பினால் படம் பழைய இடத்துக்கே போய்விடும்.

கொலைக் காட்சியை நடித்துக் காட்டலாமா?

வேண்டாம். அதைப் பார்த்தவர்கள் மண்டபத்தில் இருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் கையில் விளையாட்டுத் துவக்குக் கொடுத்து நடிக்க வைப்பதும் வேண்டாம். வெளியில் எடுத்தால் பொலிஸோ அதிரடிப்படையோ வந்து நிற்கும் என்பது ஒரு பக்கம், அந்தப் பிள்ளையின் வீட்டில் யார் எப்படிப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். செருப்பு, வெறும் கதிரை, வெளியில் கேட்கும் ஒரு வாகனச் சத்தம், இவை போதும்.

உண்மையான ஆள்களைப் பேச வைத்து எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அவசரப்பட்டால் கெடுதல் செய்துவிடுவீர்கள். முதல் நாள் கமரா இல்லாமல் போங்கள், தேத்தண்ணி குடியுங்கள், எதற்கு எடுக்கிறீர்கள், எந்த ஊரில் காட்டப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், முக்கியமாக இணையத்தில் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், கீழே திட்டுவார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டவரிடம் எடிட் பண்ணின படத்தைக் காட்டித் திரும்பவும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும்.

முகம் காட்ட விரும்பாதவரின் கையை எடுக்கலாம், பீடி சுற்றும் கை, வலை தைக்கும் கை. குரலையும் ஊர்க்காரர் அடையாளம் பிடித்துவிடுவார்கள் என்பதை மறக்காதீர்கள், வேறு ஒருவரை வைத்து வாசிப்பது நல்லது. பேசும்போது அழுதால் கமராவை நிறுத்துங்கள். அழுகையைக் கிட்டப்போய் எடுப்பது இரண்டு பக்கத்துப் பிரச்சாரப் படங்களும் செய்த வேலை.

சமாதானம் என்று சொல்லி நீதியை மறக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. இந்தக் கேள்வி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரிடமிருந்து வரும்போது அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் வேலை தொடங்கியது, அந்த அம்மாமாரில் எத்தனையோ பேர் பதில் தெரியாமலே செத்துப் போனார்கள். நடந்ததை மூடிவைத்துவிட்டு முன்னே போவோம் என்று சொல்லும் படம் அரசாங்கத்தின் பிரச்சாரத்தைத்தான் சுமக்கிறது.

இன்றைய பிரச்சினைகளுக்கும் இதே கதைதான். மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையில் வெளியாள்கள் வந்து பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் போராட்டம் தொடங்கினார்கள். அதை எடுப்பது சமாதானப் பட வேலைதான், மாடு வெட்டுப்பட்டுக் கிடப்பதையும் காட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கே வந்து பயிர் செய்பவரை யார் கொண்டு வந்து விட்டார்கள், அவருக்கு என்ன சொல்லிக் கூட்டி வந்தார்கள் என்று அவரிடமும் போய்க் கேளுங்கள். அவர் கதைக்க மறுத்தால் மறுத்தார் என்பதைப் படத்தில் சொல்லுங்கள். கேட்காமல் விடுவதற்கும் கேட்டுக் கிடைக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பவருக்குத் தெரியும்.

எங்கள் ஆள்களே துரோகி என்பார்களே?

சிலர் சொல்வார்கள். இந்த ஊரில் அந்தச் சொல்லால் உயிர் போயிருக்கிறது, எழுதினதற்காகவும் உயிர் போயிருக்கிறது. ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பில் வைத்துத்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே பயப்படுகிறவரைப் பார்த்துத் துணிவு இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். செய்யக்கூடியது: தனி ஆளாக எடுக்காதீர்கள், குழுவாக எடுங்கள், குழுவில் இரண்டு மூன்று ஊர் ஆள்கள் இருக்கட்டும், வெளியில் காட்டுவதற்கு முன் உங்கள் ஊரில் மதிப்பான நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். டீச்சர், கோயில் தலைவர், பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர், மாதர் சங்கத்து அக்கா. அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்றால் பாதி வாய் அடங்கும்.

சட்டத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், புலிகளின் கொடி, சின்னம், தலைவர் படம் வரும் காட்சிகளில் உங்களுக்கு வினையாக வரலாம். கதைக்குத் தேவை இல்லாவிட்டால் விடுங்கள். 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது, ஆனால் 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக இதே சட்டத்தில் மாதக்கணக்கில் மறியலில் இருந்தார். இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சபையின் அனுமதியும் கேட்கப்படலாம். ட்ரோன் என்றால் சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் அனுமதி வேண்டும். படப்பிடிப்புக்குப் போகும் முன் கிராம சேவகருக்கும் பொலிஸுக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். சந்தேகம் என்றால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

கமரா இல்லை, போன்தான் இருக்கிறது. போதுமா?

போதும். சத்தத்தில்தான் படங்கள் கெடுகின்றன. சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், வாவிக்கரையிலும் கடற்கரையிலும் காற்று அப்படியே உள்ளே வந்துவிடும், அதற்குப் பஞ்சு உறை போடுங்கள். காலையிலும் பின்னேரமும் எடுங்கள், மத்தியான வெயிலில் முகம் கறுத்துவிடும்.

எந்த மொழியில்?

நீங்கள் வீட்டில் கதைக்கிற தமிழில். சென்னைப் படத்து வசனம் வேண்டாம், காத்தான்குடி காக்காவும் களுவாஞ்சிகுடி அண்ணனும் ஒரே மாதிரிக் கதைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சிங்கள சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள். அம்பாறை மாவட்டத்தில் அது இல்லாமல் உங்கள் படம் பாதி மாவட்டத்துக்குப் போகாது. மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட்டுவிடாமல் சிங்களம் பிறப்பு மொழியான ஒருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள்.

எங்கே, எப்படிக் காட்டுவது?

பெரிய மண்டபமும் பிரதம விருந்தினரும் மாலையும் வேண்டாம். சனசமூக நிலையம், டியூட்டரி, விளையாட்டுக் கழகத்துக் கொட்டில், ஒரு புரொஜெக்டர், வெள்ளைத் துணி. முப்பது நாற்பது பேர் வந்தால் நல்லது, அதற்கு மேல் போனால் கதைக்கிறவர்கள் மட்டும்தான் கதைப்பார்கள். படம் பத்து நிமிடத்துக்குள், அதன் பிறகு கலந்துரையாடல் ஒரு மணி நேரம். நேரம் வைக்கும்போது தொழுகை நேரமும் கோயில் திருவிழாவும் பாருங்கள், பெண்கள் இருட்டுமுன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் பாருங்கள். அவர்கள் இல்லாத திரையிடலில் வீட்டுக்குள் நடந்த எதுவும் வெளியே வராது.

கலந்துரையாடலை நடத்துபவர் இருவராக இருக்கட்டும், ஒருவர் அந்த ஊர், ஒருவர் வெளியூர். "படம் பிடித்ததா" என்று தொடங்க வேண்டாம். "இந்தக் கதை எந்த நாளில் தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள், அதற்கு முதல் நாள் என்ன நடந்தது" என்று கேட்டுப் பாருங்கள். யாராவது சத்தம் போட்டால் விடுங்கள். எழும்பிப் போகிறவரை மறிக்காதீர்கள், ஆனால் அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய்க் கதையுங்கள்.

ஒரு படம் பார்த்து யாராவது மாறுவார்களா?

ருவாண்டாவில் 1994இல் நடந்த இனப்படுகொலைக்கு வானொலியும் ஆள் சேர்த்தது. அதே நாட்டில் 2004இலிருந்து, இரண்டு ஊர்களுக்கு இடையிலான பகையைப் பற்றி ஒரு வானொலி நாடகம் போனது. அதைக் குழுவாக ஒரு வருடம் கேட்டவர்களையும், வேறொரு சுகாதார நாடகம் கேட்டவர்களையும் எலிசபெத் லெவி பாலக் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 2009இல் எழுதினார். மனதுக்குள் இருந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் தங்கள் ஊரில் எது சரி, எதைச் சொல்லலாம் என்பது பற்றிய எண்ணம் மாறியிருந்தது. கருத்து வேறுபாட்டை வெளியில் சொல்லப் பயம் குறைந்திருந்தது, நடத்தையும் கொஞ்சம் மாறியிருந்தது.

எங்களுக்கு இது நம்பிக்கை தருகிறது. ஒரு ஆளின் வெறுப்பைப் பத்து நிமிடத்தில் கழுவ வேண்டிய கட்டாயம் படத்துக்கு இல்லை. அடுத்த தடவை கறியில் மருந்து என்று ஒரு வீடியோ வரும்போது, "எங்கே எடுத்தது, யார் மிரட்டினது" என்று குழுவில் கேட்க ஒருவருக்குத் துணிவு வந்தால் அதுவே பெரிய வேலை. அந்த ஆய்வில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள் என்பதையும் பாருங்கள். தனியாகப் போனில் பார்ப்பதிலும் ஊர் ஆள்களோடு பார்ப்பதிலும் கிடைப்பது ஒன்றில்லை.

எடுத்து முடித்ததும் ஃபேஸ்புக்கில் போடலாமா?

ஊர்களில் காட்டி முடித்த பிறகு போடுங்கள். முதலில் இணையத்தில் போட்டால், படம் பார்க்காதவர்கள் தலைப்பைப் பார்த்து எழுதும் கருத்தோடுதான் ஊர்க்காரர் மண்டபத்துக்கு வருவார்கள். முழுப் படமாகவே போடுங்கள், விளம்பரத்துக்கு என்று முப்பது செக்கன் துண்டு வெட்டிப் போட வேண்டாம். அந்தத் துண்டை யாராவது எடுத்துத் தங்கள் தேவைக்கு ஓட விடுவார்கள். தேர்தல் காலத்திலும், எங்காவது ஒரு சம்பவம் நடந்து சூடாக இருக்கும் நாள்களிலும் போடாமல் ஒத்தி வையுங்கள். முதல் சில நாள் கருத்துகளைப் பார்க்க முறை வைத்து ஆள் போடுங்கள், பெயர் சொல்லித் தாக்கும் கருத்துகளை உடனே அழியுங்கள். படத்தில் வந்த யாராவது எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.